பிரைவேட் ஐபி முகவரிகள் பொது இணையத்துக்குக் கசிவதைக் கண்டறிந்து நிறுத்துதல்: முழுமையான வழிகாட்டி

உள் நெட்வொர்க்கில் மட்டும் புழங்க வேண்டிய பிரைவேட் முகவரிகள் பொது இணையத்தில் மூன்று விதமாகத் தலைகாட்டுகின்றன. வெளியே செல்லும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியாக இருக்கலாம். வழி தவறி வெளியேறும் பாக்கெட்டின் பெறுநர் முகவரியாக இருக்கலாம். டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) பதிவு, அஞ்சல் தலைப்பு, பிஜிபி (நெட்வொர்க்குகள் தமக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) அறிவிப்பு போன்று பிறர் படிக்கும் தரவுக்குள் பொதிந்தும் இருக்கலாம். மூன்றும் ஒரே நோய் போலத் தோன்றினாலும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

இந்த வேலையைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். உள் நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்கும் விளிம்பு ரவுட்டரில் ஒரு தடை விதியை எழுதி, அதன் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். தடை விதி கசிவை வெளியார் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, உள்ளே நேட் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றுதல்) பிசகியதால் பாதியில் தொங்கும் இணைப்புகளையும், வராத பதிலுக்காகக் காத்திருக்கும் மென்பொருள்களையும் அது சரிசெய்வதில்லை. ஆகவே இங்குள்ள வரிசை இதுதான்: பட்டியல், கவனிப்பு, மூலத்தில் திருத்தம், அதற்குப் பிறகே தடை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விளிம்பு ரவுட்டரின் நிர்வாக அனுமதியும், நெட்வொர்க் வழியாக அல்லாமல் நேரடியாக அதனுள் நுழைய ஒரு கன்சோல் வழியும் தேவை. பிழையான ஒரு வடிகட்டி விதி முதலில் வெளியே தள்ளுவது அதை எழுதியவரைத்தான். இப்போதைய அமைப்பின் நகலைச் சேமித்துவிட்டு, குறித்த நேரத்தில் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதையும் இயக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து, உள்ளே புழங்கும் எல்லா சப்நெட்டுகளின் (உட்பிரிவு நெட்வொர்க்குகளின்) பட்டியல். அலுவலகப் பிரிவுகள் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். விருந்தினர் வைஃபை, நிர்வாக விலான், விபிஎன் பயனர்களுக்கு வழங்கப்படும் வரம்பு, கன்டெய்னர்களை (தனித்து இயங்கும் மென்பொருள் பொதிகளை) இயக்கும் டாக்கர் தானாக உருவாக்கும் 172.17.0.0/16 போன்றவைதான் விடுபடுகின்றன. கசிவின் பெரும்பகுதி இப்படி விடுபட்டவற்றிலிருந்தே வருகிறது.

மூன்றாவதாக, உங்கள் வான் (இணையத்தை நோக்கிய) இடைமுகத்தின் முகவரியே பிரைவேட் முகவரியா என்று பாருங்கள். சேவையாளர் தரும் ரவுட்டருக்குப் பின்னால் நீங்கள் இருந்தால் அது 192.168 என்று தொடங்கலாம். சேவையாளரே பெரிய அளவில் நேட் செய்தால் 100.64.0.0/10 வரம்பில் இருக்கலாம். அப்படியானால் 5, 6, 7 ஆகிய படிகளில் விதிவிலக்குகள் தேவைப்படும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

2. முகவரிப் பட்டியலைப் பிழையின்றி எழுதுதல்

ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் ஒதுக்கிய தொகுதிகள் மூன்று (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் சிறிதானால் தொகுதி பெரிது): 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. முதலும் மூன்றாவதும் யாரையும் தடுமாற வைப்பதில்லை. நடுவில் உள்ளது 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை நீள்கிறது. இதை /16 என்று எழுதுபவர் பதினாறில் ஒரு பங்கை மட்டுமே தடுக்கிறார், 172.0.0.0/8 என்று எழுதுபவரோ பிறருக்குச் சொந்தமான பொது முகவரிகளையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறார். இரண்டாவது பிழை மோசமானது. சில இணையதளங்கள் மட்டும் காரணமின்றித் திறக்காமல் போகும், யாரும் வடிகட்டியைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

இவற்றோடு 100.64.0.0/10, 169.254.0.0/16, 127.0.0.0/8, 0.0.0.0/8, சோதனைக்கான 198.18.0.0/15, எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஆகியவற்றையும், அனுப்புநர் முகவரியாக வரவே கூடாத 224.0.0.0/4, 240.0.0.0/4 இரண்டையும் சேர்த்து, பெயரிட்ட ஒரே தொகுப்பாக வையுங்கள். 224.0.0.0/4 மல்டிகாஸ்டுக்கானது என்பதால் அதைப் பெறுநர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடுக்கக் கூடாது. ஐபிவி6 பக்கத்தில் இதற்கு இணையானவை யூஎல்ஏ (உள் பயன்பாட்டுக்கான) முகவரிகள். நடைமுறையில் இவை எஃப்டி என்ற எழுத்துகளில் தொடங்கும்.

எங்கோ கிடைத்த பழைய போகான் (பொது இணையத்தில் வரக் கூடாத முகவரிகள்) பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். அக்காலத்துப் பட்டியல்களில் அன்று ஒதுக்கப்படாமல் இருந்த தொகுதிகளும் உண்டு. 2011 பிப்ரவரியில், உலக அளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவின் இருப்பே தீர்ந்துவிட்டதால் அவை இன்று உண்மையான பயனர்களிடம் உள்ளன. 1.0.0.0/8 இன்னும் சில ரவுட்டர்களில் தடைபட்டுக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

3. தடுக்குமுன் கவனித்தல்

வான் இடைமுகத்தில், நேட் முடிந்த இடத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பாருங்கள். லினக்ஸில் டிசிபிடம்ப் கருவியை வான் இடைமுகத்தின் பெயரைக் குறிப்பிட்டு இயக்கினால், வெளியே செல்லும் பாக்கெட்டுகள் நேட் ஆன பிறகே அதில் தெரியும். ஆகவே அங்கே அனுப்புநராகப் பிரைவேட் முகவரி தெரிந்தால் அது உண்மையான கசிவு. எல்லா இடைமுகங்களையும் ஒருசேரப் பிடிப்பவர்கள், நேட்டுக்கு முந்தைய நிலையையும் பார்த்துவிட்டு, எல்லாமே கசிகிறது என்று வீணாகப் பதறுகிறார்கள்.

பிடித்ததை மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள்: வெளியே செல்பவற்றில் பிரைவேட் அனுப்புநர் உள்ளவை, வெளியே செல்பவற்றில் பிரைவேட் பெறுநர் உள்ளவை, உள்ளே வருபவற்றில் பிரைவேட் அனுப்புநர் உள்ளவை. முதலாவது 4ஆம் படிக்கும், இரண்டாவது 5ஆம் படிக்கும், மூன்றாவது 7ஆம் படிக்கும் உரியது. வேலை நேரம், இரவு, காப்புப்பிரதி எடுக்கும் நேரம் மூன்றும் அடங்குமாறு ஒரு முழு நாளாவது கவனியுங்கள். ஐந்து நிமிடப் பிடிப்பில் எதுவும் இல்லை என்பது எதையும் நிரூபிப்பதில்லை.

ஒரு பாக்கெட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். 192.168.10.23இன் 51514ஆம் போர்ட்டிலிருந்து 203.0.113.8இன் 443ஆம் போர்ட்டுக்கு ஒரு டிசிபி பாக்கெட் வெளியேறுகிறது. பாக்கெட்டின் நோக்கத்தைச் சொல்லும் கொடிகள் இருக்கும் இடத்தில், இணைப்பை முடிப்பதைக் குறிக்கும் எஃப் என்ற எழுத்தும் ஒரு புள்ளியும், தரவு நீளம் 0. அதே கணினியின் மற்ற பாக்கெட்டுகள் எல்லாம் ஒழுங்காகப் பொது முகவரிக்கு மாறிச் செல்கின்றன. இது மட்டும் மாறவில்லை. இது நேட் இல்லாமையைக் காட்டவில்லை. முடிந்துபோன இணைப்பு ஒன்றின் கடைசி மூச்சைக் காட்டுகிறது. மாறாக, தொடக்கக் கொடியான எஸ் உள்ள பாக்கெட்டுகள் பிரைவேட் முகவரியுடன் வெளியேறினால், அந்த சப்நெட்டுக்கு நேட் விதியே பொருந்தவில்லை என்று பொருள்.

உள்ளே வருபவற்றில் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும் எண்) மதிப்பைப் பாருங்கள். அது பொதுவாக 64, 128, 255 ஆகிய எண்களில் ஒன்றிலிருந்து குறைந்துகொண்டு வரும் என்பதால், 61 என்று தெரிந்தால் அனுப்பியவர் சில ரவுட்டர்களுக்கு அப்பால், அநேகமாக உங்கள் சேவையாளருக்குள்ளேயே இருக்கிறார். இத்தகையவற்றில் பெரும்பாலானவை தாக்குதல் அல்ல. இன்னொருவரின் நேட் கசிவு.

4. நேட்டைத் திருத்துதல்

எஸ் கொடியுடன் கசியும் சப்நெட்டுகளை முதலில் முடியுங்கள். நேட் விதியில் சப்நெட்டுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் பழக்கம்தான் இங்கே காரணம். புதிய விலான் வரும்போது பட்டியலைத் திருத்த யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஓப்பன்விபிஎன் மாதிரி அமைப்பில் வரும் 10.8.0.0/24 அடிக்கடி இப்படி விடுபடும். 2ஆம் படியின் மூன்று தொகுதிகளையும் அனுப்புநராகக் கொண்டு வான் வழியாக வெளியேறுவது எதுவானாலும் மாற்று என்று விதியை எழுதிவிட்டால், நாளை சேரும் சப்நெட்டும் அதற்குள் அடங்கும்.

டாக்கர் இயங்கும் கணினியில் வேறொரு பொறி உண்டு. ஃபயர்வால் விதிகளைப் புதுப்பிக்கும்போது பழையவை அனைத்தையும் அழித்துவிட்டு எழுதினால், டாக்கர் தனக்கென எழுதி வைத்திருந்த நேட் விதிகளும் சேர்ந்து அழிகின்றன. டாக்கரை மறுதொடக்கம் செய்யும்வரை கன்டெய்னர்கள் வெளியுலகத் தொடர்பை இழந்து, 172.17 முகவரியுடனேயே பாக்கெட்டுகளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

இனி எஃப், ஆர் கொடிகளுடன் கசிபவை. லினக்ஸின் இணைப்புக் கண்காணிப்பு, ஓர் இணைப்பு முடிந்த சிறிது நேரத்தில் அதன் பதிவை நீக்கிவிடுகிறது. அதன் பிறகு தாமதமாக வரும் முடிப்பு அல்லது முறிப்புப் பாக்கெட்டை எந்த இணைப்போடும் பொருத்த முடியாததால், கர்னல் அதைச் செல்லாதது (இன்வேலிட்) என்று வகைப்படுத்துகிறது. செல்லாத பாக்கெட்டுகள் நேட் அட்டவணைக்குள் நுழைவதே இல்லை. ஆனால் தடுக்கச் சொல்லாதவரை ரவுட்டர் அவற்றை அனுப்பிவிடும். எனவே, எவ்வளவு கவனமாக நேட் விதி எழுதினாலும் இவை கசிந்துகொண்டே இருக்கும்.

இதற்கான திருத்தம், வான் நோக்கிச் செல்லும் செல்லாத நிலைப் பாக்கெட்டுகளைக் கைவிடும் ஒரு விதியைக் கடத்தும் சங்கிலியில் (ரவுட்டர் வழியே செல்லும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசையில்), அனுமதி விதிகளுக்கு மேலே வைப்பது. அந்த இணைப்புகள் ஏற்கெனவே முடிந்தவை என்பதால் பயனருக்கு இழப்பு இல்லை. விதியை வான் திசைக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள். உள்ளே இரண்டு ரவுட்டர்கள் இருந்து, போகும் வழியும் திரும்பும் வழியும் வேறாக இருந்தால், பாதி உரையாடலை மட்டும் பார்க்கும் ரவுட்டருக்கு நல்ல பாக்கெட்டும் செல்லாததாகத் தெரியும்.

ஐபிசெக் சுரங்கம் (இரு இடங்களை இணைக்கும் குறியாக்கப்பட்ட விபிஎன்) இருப்பவர்கள் நேட்டிலிருந்து அதற்கு விலக்கு எழுதியிருப்பார்கள். அந்த விலக்கு சுரங்கம் எழுந்து நிற்கும்போது சரி. அது விழுந்துவிட்டால் அதே பாக்கெட்டுகள் குறியாக்கமும் இல்லாமல், நேட்டும் இல்லாமல், இரு முனையிலும் பிரைவேட் முகவரியுடன் திறந்த இணையத்துக்குப் போகும். இந்தக் கசிவில்தான் உண்மையான தரவு வெளியேறுகிறது. குறியாக்கக் கொள்கைக்குப் பொருந்தும் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே விலக்கு என்று எழுத உங்கள் ஃபயர்வால் அனுமதித்தால் அப்படியே எழுதுங்கள். அனுமதிக்காவிட்டால் 6ஆம் படிதான் பாதுகாப்பு.

5. பெறுநர் முகவரிக்கு பிளாக்ஹோல் ரூட்

ரூட்டிங் அட்டவணையில் குறிப்பாகச் சொல்லப்படாத எந்த முகவரியும் டிஃபால்ட் ரூட் வழியாக வெளியே போகும், 10.77.3.9 என்ற இல்லாத கணினிக்கான பாக்கெட்டுக்கும் அதே கதிதான். மூன்று பிரைவேட் தொகுதிகளுக்கும் ரவுட்டரிலேயே முடிந்துபோகும் ஒரு ரூட்டை எழுதினால் இது நிற்கும். உண்மையில் இருக்கும் சப்நெட்டுகளுக்கு இதைவிடக் குறுகிய ரூட்டுகள் இருப்பதாலும், குறுகியதே வெல்லும் என்பதாலும், அவற்றுக்குப் பாதிப்பு வராது.

சத்தமின்றி விழுங்கும் வகையைவிட, சென்றடைய இயலாது என்று ஐசிஎம்பி (பிழையை அறிவிக்கும் நெறிமுறை) பதில் அனுப்பும் வகையையே நான் பரிந்துரைப்பேன். முன்னதில் பயனரின் மென்பொருள் நேரம் தீரும்வரை காத்திருக்கும். பின்னதில் உடனே பிழை தெரியும், உதவி மையத்துக்கு வரும் அழைப்பும் தெளிவாக இருக்கும்.

எழுதுமுன் நான்கு இடங்களைச் சரிபாருங்கள். கேபிள் மோடத்தின் நிர்வாகப் பக்கம் பெரும்பாலும் 192.168.100.1இல் இருக்கும், அதற்குத் தனி ரூட் தேவை. சேவையாளரின் டிஎன்எஸ் அல்லது டிஹெச்சிபி (முகவரி வழங்கும்) சர்வர் 10இல் தொடங்கும் முகவரியில் இருக்கலாம். அதற்கும் தனி ரூட் வேண்டும். கொள்கை அடிப்படையிலான ஐபிசெக்கில் ரூட் தேடல் முதலில் நடந்தால் சுரங்கத்துக்குள் போக வேண்டியதும் விழுங்கப்படும் என்பதால், மறுமுனை சப்நெட்டுக்கு ரூட் இருப்பதை உறுதிசெய்யுங்கள். நான்காவது, பிஜிபி அல்லது ஓஎஸ்பிஎஃப் (உள் நெட்வொர்க்குக்குள் வழி சொல்லும் நெறிமுறை) இயக்குபவர்களுக்கு: நிலையான ரூட்டுகளை அப்படியே மறுவிநியோகம் செய்யும் அமைப்பு இருந்தால், கசிவைத் தடுக்க எழுதிய 10.0.0.0/8 ரூட்டே அண்டை நெட்வொர்க்குகளுக்கு அறிவிப்பாகப் போய்ச் சேரும்.

6. வெளியே செல்லும் திசையில் வடிகட்டி

இப்போதுதான் தடை விதியின் முறை வருகிறது. மேலே செய்தவை சரியாக இருந்தால் இந்த விதியின் எண்ணிக்கை ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும்; அசைந்தால் அது புதிய பிசகு ஒன்றைக் காட்டும் எச்சரிக்கை.

விதியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் மிகப் பெரிய தடுமாற்றம் நிகழ்கிறது. லினக்ஸின் கடத்தும் சங்கிலி நேட்டுக்கு முன் இயங்குவதால், அங்கே பிரைவேட் அனுப்புநரைத் தடு என்று எழுதினால் அலுவலகம் முழுவதற்கும் இணையம் நின்றுபோகும். லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், பாக்கெட் வெளியேறும் கடைசிக் கட்டமான போஸ்ட்ரவுட்டிங் கொக்கியில், அனுப்புநர் நேட்டின் முன்னுரிமை எண்ணான 100ஐவிடப் பெரிய எண்ணுடன், உதாரணமாக 300இல், ஒரு வடிகட்டிச் சங்கிலியை உருவாக்கினால், அது மாற்றத்துக்குப் பிந்தைய முகவரியைப் பார்க்கும். ரவுட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டுகளும் அவ்வழியே செல்வதால் அவையும் அடங்கும். அதற்கு முந்தைய ஐபிடேபிள்ஸில் இதற்கு இணையான வசதியான இடம் இல்லை. அங்கே 4ஆம் படியின் விதியையே நம்ப வேண்டும். சிஸ்கோ ஐஓஎஸ் ரவுட்டர்களில் வான் இடைமுகத்தின் வெளிநோக்கிய பட்டியல் நேட்டுக்குப் பிறகே சோதிக்கப்படுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

பெறுநர் பிரைவேட் முகவரியாக உள்ளவற்றையும் இதே சங்கிலியில் தடுங்கள். 5ஆம் படியில் ரூட் எழுதிய விதிவிலக்குகளை மட்டும் அதற்கு மேலே அனுமதியுங்கள்; ஐபிசெக் மறுமுனைக்கு, குறியாக்கக் கொள்கைக்குப் பொருந்தும் பாக்கெட்டுகளை மட்டும். வான் முகவரியே பிரைவேட் வரம்பில் இருப்பவர்கள் அந்த ஒரு முகவரியை அனுப்புநராக அனுமதித்துவிட்டு மற்றவற்றைத் தடுக்க வேண்டும். பதிவேட்டில் எழுதும் வேகத்துக்கு வரம்பு வைக்க மறக்காதீர்கள். வைரஸ் பிடித்த ஒரே கணினி வட்டை நிரப்பிவிடும்.

இந்தத் திசையின் வடிகட்டலையே, சேவையாளர் தன் வாடிக்கையாளர் பக்கத்தில் செய்ய வேண்டியதாக பிசிபி 38 என்ற பரிந்துரை ஆவணம் வலியுறுத்துகிறது. அவர் செய்வார் என்று விடாமல் நாமே செய்வது நல்லது.

7. உள்ளே வரும் திசையில் வடிகட்டி

வெளியிலிருந்து பிரைவேட் அனுப்புநருடன் வரும் பாக்கெட்டுக்கு நாம் பதில் அனுப்பினால் அது நம் உள் நெட்வொர்க்குக்கே போகும். உள் முகவரி என்றால் நம்பகமானது என்று எழுதப்பட்ட விதிகளை ஏமாற்றவும் இது பயன்படும். எனவே 2ஆம் படியின் முழுத் தொகுப்பையும் வான் இடைமுகத்தின் உள்நோக்கிய திசையில் தடுங்கள். விதி நேட்டுக்கும் இணைப்புக் கண்காணிப்புக்கும் முன்னால் இருந்தால் ரவுட்டரின் சுமையும் குறையும்.

டிஹெச்சிபி சர்வர் பிரைவேட் முகவரியில் இருந்தால், குத்தகையின் பாதிக் காலத்தில் நடக்கும் நேரடிப் புதுப்பிப்பு தடைபடும். எட்டில் ஏழு பங்குக் காலத்தில், அதாவது 87.5 விழுக்காட்டில், ஒலிபரப்பாக மீண்டும் கேட்கப்படுவதால் பல நேரம் இணைப்பு தப்பிவிடும். எப்போதாவது தப்பாத அன்று, விதி எழுதிப் பல மணி நேரம் கழித்து இணையம் போவதால் யாருக்கும் தொடர்பு விளங்காது. சர்வர் முகவரியை முன்பே அனுமதித்துவிடுங்கள்.

இன்னொரு பக்கவிளைவு டிரேஸ்ரூட்டில் தெரியும். சில சேவையாளர்கள் தங்கள் ரவுட்டர்களுக்கிடையே பிரைவேட் முகவரி வைத்திருப்பார்கள். அவை அனுப்பும் ஐசிஎம்பி பதில் இனி வராது, அவ்விடத்தில் நட்சத்திரக் குறிகள் தோன்றும். அது வெறும் தோற்றக் குறை. ஆனால் பாக்கெட் பெரிதாக உள்ளது, துண்டாக்க வேண்டும் என்ற அறிவிப்பும் அப்படிப்பட்ட ரவுட்டரிலிருந்தே வரக்கூடும். அதைத் தடுத்தால் சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்புகள் பாதியில் தொங்கும். இதற்காக வடிகட்டியில் ஓட்டை போடுவதைவிட, வான் வழியாகச் செல்லும் டிசிபி இணைப்புகளின் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச அளவு) மதிப்பை ரவுட்டரிலேயே குறைத்து வைப்பது மேல்.

அனுப்புநருக்கான வழி அதே இடைமுகத்தில் உள்ளதா என்று பார்க்கும் திரும்பு வழிச் சோதனையைக் கண்டிப்பான முறையில் உள் இடைமுகங்களில் இயக்கலாம். இரண்டு சேவையாளர்கள் உள்ள வான் பக்கத்தில் இயக்கினால் நல்ல பாக்கெட்டுகளும் விழும்.

8. டிஎன்எஸ் வழிக் கசிவு

பிரைவேட் முகவரிக்கான பெயர் என்ன என்று கேட்கும் தலைகீழ்க் கேள்விகளை உங்கள் டிஎன்எஸ் சர்வர் வெளியே அனுப்பக் கூடாது. இவற்றை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே ஏஎஸ்112 என்ற அமைப்பு உலகெங்கும் தன்னார்வலர்களால் இயக்கப்படுகிறது. உங்கள் பதிவேட்டில் ப்ரிசனர்.ஐயானா.ஆர்க் என்ற பெயர் தென்பட்டால், உள்ளே இருக்கும் கணினி எதுவோ தன் முகவரியை அங்கே பதிவுசெய்ய முயல்கிறது என்று பொருள்.

திருத்தம் எளிது: 10க்கு ஒன்று, 172.16 முதல் 172.31 வரை பதினாறு, 192.168க்கு ஒன்று என மொத்தம் 18 தலைகீழ் மண்டலங்களை உள் சர்வரிலேயே வைத்துவிடுங்கள். பைண்ட், அன்பவுண்ட் ஆகிய டிஎன்எஸ் மென்பொருள்கள் இரண்டின் புதிய பதிப்புகளும் இவற்றுக்குத் தாமே வெற்றுப் பதில் தருகின்றன. உங்களிடம் உண்மையான உள் மண்டலம் இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் வெற்றுப் பதிலை நீக்கிவிட வேண்டும்.

பொது மண்டலத்தில் 192.168 முகவரி கொண்ட பதிவுகளை வைக்காதீர்கள். வெளியாருக்கு உள் அமைப்பைக் காட்டுவது ஒரு பக்கம். ரீபைண்டிங் பாதுகாப்பு (வெளிப் பெயருக்கு உள் முகவரி தரும் பதிலை மறுப்பது) இயங்கும் ரவுட்டர்கள் அப்பதிலைக் கைவிட்டுவிடுவதால், வீட்டிலிருந்து வேலை செய்யும் உங்கள் பயனருக்கே பெயர் தெரியாமல் போவது மறுபக்கம். உள்ளே ஒரு பதில், வெளியே ஒரு பதில் என்று பிரித்து வையுங்கள்.

9. பிஜிபி இயக்குபவர்களுக்கு மட்டும்

வெளிநோக்கிய திசையில், உங்களுக்குச் சொந்தமான பிரிஃபிக்ஸ்களை (முகவரித் தொகுதிகளை) மட்டும் அனுமதித்து மற்ற அனைத்தையும் மறுக்கும் பட்டியல் போதும். பிரைவேட் தொகுதிகளைத் தனியாகத் தடுப்பதைவிட இது உறுதியானது. உள்நோக்கிய திசையில் 2ஆம் படியின் தொகுப்பையும் அதற்குள் அடங்கும் எல்லாச் சிறு பிரிஃபிக்ஸ்களையும் மறுத்திடுங்கள். 10.0.0.0/8 என்று துல்லியமாக மட்டும் எழுதினால் 10.1.0.0/16 தாராளமாக நுழையும்.

10. பாக்கெட்டுக்குள் பொதிந்த முகவரிகள்

எஸ்ஐபி (இணைய வழி) தொலைபேசி தன் 192.168 முகவரியைச் செய்தியின் உடலுக்குள் எழுதி அனுப்பினால், அழைப்பு மணி ஒலிக்கும், ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்காது. எந்த நேட் விதியும் இதைத் தொடாது. தொலைபேசி சர்வரில் வெளி முகவரியைக் குறிப்பிடுவதே வழி. இணைய சர்வர் திருப்பிவிடும் முகவரியில் உள் ஐபி தென்பட்டால், முன்னால் நிற்கும் புராக்ஸிக்குப் பின்னுள்ள சர்வரில் பொதுப் பெயர் அமைக்கப்படவில்லை. அஞ்சல் தலைப்பில் தெரியும் உள் முகவரிகளை நான் பொருட்படுத்துவதில்லை. அஞ்சல் சிக்கல்களைத் துப்பறிய அவை தேவை.

11. சரிபார்த்தல்

உள்ளே ஒரு கணினியிலிருந்து 10, 172.20, 192.168 ஆகிய மூன்று தொகுதிகளிலும் நீங்கள் பயன்படுத்தாத முகவரி ஒவ்வொன்றுக்குப் பிங் அனுப்புங்கள். உடனே சென்றடைய இயலாது என்று வர வேண்டும், வான் பிடிப்பில் எதுவும் தெரியக் கூடாது. பிறகு 172.32க்கு மேலுள்ள பொது முகவரி ஒன்றுக்கு டிரேஸ்ரூட் செய்து, பாக்கெட் உங்கள் ரவுட்டரைத் தாண்டிச் செல்வதை உறுதிப்படுத்துங்கள்.

விபிஎன் சுரங்கத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு மறுமுனைக்குத் தரவு அனுப்பிப் பாருங்கள். 6ஆம் படியின் எண்ணிக்கை ஏற வேண்டும், வான் பிடிப்பு வெறுமையாக இருக்க வேண்டும்.

கடைசியாக, வான் இணைப்பின் மறுபக்கத்தில் வேறொரு கணினியால் பிடித்தபடி, ரவுட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். பல அமைப்புகளில் பாக்கெட் கடத்தல் முதலில் இயங்கிவிட்டு, ஃபயர்வால் விதிகள் சில நொடிகள் கழித்தே ஏறுகின்றன. அந்த இடைவெளியில் உள்ளே காத்திருந்த எல்லாக் கணினிகளும் மாறாத முகவரியுடன் வெளியே பாய்கின்றன. விதிகள் ஏறிய பிறகே கடத்தலை இயக்குமாறு சேவைகளின் வரிசையை மாற்றி, மீண்டும் ஒரு முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.